இணைப்புமுக ஒப்பீட்டுக் குழுவும் ஒரு காதும்

வந்திருந்தவர்கள் ஐவர். நீள மேசையின் தலைமாட்டில், சன்னலுக்கு முதுகைக் காட்டி, மருத்துவமனையின் துணைக் கண்காணிப்பாளர் உட்கார்ந்திருந்தார், அவர்தான் தலைவர். அவருக்கு வலப்பக்கம், மின்விசிறிக்கு நேர் கீழே, கொள்முதல் அதிகாரி. இடப்பக்கம், மடிக்கணினிக்கு மின்சாரம் எட்டுகிற இடமாகப் பார்த்து, கணினி ஆலோசகர். கதவோரம் ஒரு முக்காலியில் குறிப்பெழுதும் அம்மாள். அவருக்கு மேசை கிடையாது, மடிதான். மேசையின் கால்மாட்டில், கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் ஒரு தையற்காரர். நடு மேசையில் பச்சைத் துணி விரித்து அதன்மேல் ஒரு பழைய ஹார்ட் டிஸ்க். அதையும் சேர்த்தால் ஆறு. ஆனால் டிஸ்க்குக்கு ஓட்டு கிடையாது என்று முதல் தீர்மானத்திலேயே சொல்லிவிட்டார்கள்.

தையற்காரர் அந்த நாற்காலிக்கு வந்து சேர்ந்த கதை சின்னதுதான்.

அவருடைய மனைவி வீட்டிலேயே குழந்தைகள் காப்பகம் நடத்துகிறவள். முன்னறையில் தவழ்கிறவை, பின்னறையில் தூங்குகிறவை. நடுவில் சமையலறையில் நின்றபடியே எந்த அறையில் எந்தக் குழந்தை அழுகிறது, அது பசியா, ஈரமா, வெறும் பிடிவாதமா என்று சொல்லிவிடுவாள். குழந்தைகளின் பெற்றோர் அவளை டீச்சர் என்பார்கள்; தையற்காரரும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டார். கொஞ்ச காலமாக டீச்சருக்கு இடது காதில் ஓயாத இரைச்சல், எழுந்தால் தலைச்சுற்றல். பெரிய மருத்துவமனைக்குப் போனார்கள். ஸ்கேன் எடுத்தார்கள். காது நரம்பில் ஒரு கட்டி இருந்தது. பதினான்கு மில்லிமீட்டர். கோட்டின் கைப்பகுதியில் தைக்கிற பொத்தான் அளவு என்று தையற்காரர் மனத்தில் குறித்துக்கொண்டார்.

"பயப்படாதீங்க, இது புற்று இல்ல" என்றார் அறுவை மருத்துவர். "கேள்வி ஒண்ணுதான். அஞ்சு வருஷம் முன்னாடி இங்கயே ஒரு ஸ்கேன் எடுத்திருக்கீங்க. அப்பவும் இதே அளவுல இருந்திருந்தா இதைத் தொடவே வேணாம், வருஷா வருஷம் பாத்துக்கிட்டா போதும். வளர்ந்து இந்த அளவுக்கு வந்திருந்தா எடுத்தே ஆகணும். எடுத்தா அந்தப் பக்கத்துக் காது போயிரும். முகமும் கொஞ்சம் இழுத்துக்கலாம். பழைய ஸ்கேனைக் கொண்டு வாங்க, அளந்து சொல்லிடறேன்."

பழைய ஸ்கேனின் பிலிம் வீடு மாறும்போது தொலைந்துபோயிருந்தது. அதோடு கொடுத்த அறிக்கை மட்டும் இருந்தது. அதில் 'சிறு கட்டி, கவனிக்கவும்' என்று எழுதியிருந்தார்களே தவிர, அளவு இல்லை. அளவு எழுதாமல் துணி வாங்கி வைக்கிற தையற்காரனை ஊர் சும்மா விடுமா என்று அவர் வழியெல்லாம் புலம்பிக்கொண்டு வந்தார்.

ஸ்கேன் அறையில் பழைய படங்கள் எல்லாம் பத்திரமாக இருந்தன, ஒரு ஹார்ட் டிஸ்க்கில். ஆனால் பழைய கம்ப்யூட்டரைக் கழித்துக் கட்டியபோது டிஸ்க்கின் கேபிளும் அதோடு ஏலத்தில் போய்விட்டது. புதுக் கம்ப்யூட்டரில் ஓட்டைகள் வேறு மாதிரி. தையற்காரர் டிஸ்க்கின் வாயை நன்றாகப் பார்த்துக்கொண்டு எதிர்ச்சாரிக் கடைக்குப் போனார். ஒரு முனை டிஸ்க்குக்கும் மறுமுனை புதுக் கம்ப்யூட்டருக்கும் பொருந்துகிற கேபிளாகக் கேட்டு வாங்கினார். ஒரு பேன்ட் ஓரம் மடிக்கிற கூலிக்குள் அடங்கிவிட்டது. அரைமணி நேரத்தில் திரும்பி வந்துவிட்டார். அவர் செய்த தவறு அதுதான்.

கொள்முதல் அதிகாரி அந்தக் கேபிளை, செத்த பல்லியைப் பிடிப்பதுபோல இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார்.

"இதை யாரு கேட்டா உங்ககிட்ட?"

"யாரும் கேக்கலைங்க. என் சம்சாரத்துக்கு அவசரம்."

"அவசரம் இங்க வர்ற எல்லாருக்கும்தான். வெளியாள் கேபிளை இன்னைக்கு மாட்டினா, நாளைக்கு இன்னொருத்தர் வேற கேபிளோட வருவாரு. அப்புறம் எல்லாருக்கும் ஸ்கேன் கிடைச்சுடும். நாங்க எதை வச்சு நிர்வாகம் பண்றது, சொல்லுங்க?"

கேபிள் ஓர் உறைக்குள் போடப்பட்டு, 'செல்வாக்குச் செலுத்தும் நோக்கில் அளிக்கப்பட்டதாகக் கருதப்படும் பொருள்' என்ற குறிப்போடு அலமாரிக்குள் போனது. மருத்துவமனையே கேபிள் வாங்கும் என்றார்கள். வாங்க வேண்டுமானால் எந்த வகை என்று தெரிய வேண்டும். தெரிய வேண்டுமானால் எல்லா வகைகளையும் ஒப்பிட வேண்டும். ஒப்பிட ஒரு குழு வேண்டும். குழுவில் பயனாளர் சார்பில் ஒருவர் இருந்தாக வேண்டும் என்பது விதி. அதிகாரி தாழ்வாரத்தை எட்டிப் பார்த்தார். "நல்லவேளை, நீங்க இங்கயே நிக்கறீங்க" என்றார்.

முதல் கூட்டத்தில் கணினி ஆலோசகர் எழுந்து விளக்கினார்.

"யு.எஸ்.பி. ரெண்டு. மெதுவாப் போகும், ஆனா எல்லா இடத்துக்கும் போகும். யு.எஸ்.பி. மூணு, அதைவிடப் பல மடங்கு வேகம், உள்ள நீலக் கலர்ல இருக்கும். டைப்-சி. இது வடிவம் மட்டும்தான், உள்ள என்ன ஓடுதுங்கறது வாங்கினவருக்கே தெரியாது. தண்டர்போல்ட். அதே வடிவம், மேல மின்னல் படம் போட்டிருக்கும், விலையும் இடி மாதிரித் தலையில இறங்கும். கடைசியா இ-சாட்டா. வேகமா வேலை வாங்கும், ஆனா டிஸ்க்குக்கு மின்சாரம் கொடுக்காது. அதை டிஸ்க் வேற எங்கயாவது பாத்துக்கணும்."

"வேலை வாங்கும், சோறு போடாது" என்று தலைவர் ரசித்துச் சொன்னார். "நிர்வாகத்துக்கு ஏத்த சுபாவம். குறிச்சுக்கங்கம்மா."

அம்மாள் குறித்துக்கொண்டார்.

கொள்முதல் அதிகாரிக்கு டைப்-சி பேரில் ஆரம்பத்திலிருந்தே சந்தேகம். "அதை எப்படித் திருப்பிச் செருகினாலும் உள்ள போகும்கறாங்களே, நெசமா?"

"ஆமா சார். தலைகீழாச் செருகினாலும் வேலை செய்யும்."

"அப்ப தப்பாச் செருகறவன்மேல எப்படி நடவடிக்கை எடுக்கறது?"

இதை யாரும் யோசிக்கவில்லை. பழைய யு.எஸ்.பி.யை ஒருமுறை செருகி, போகாமல், திருப்பிச் செருகி, அதுவும் போகாமல், முதலில் செருகியபடியே மறுபடி செருகுவதில் ஊழியர்களுக்கு ஒரு பணிவு வருகிறது என்றும், டைப்-சி அந்தப் பணிவைக் கெடுத்துவிடும் என்றும் பதிவு செய்யப்பட்டது.

தையற்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஐயா, எனக்கு இதெல்லாம் தெரியாது. இந்த டிஸ்க்ல ஒரே ஒரு ஓட்டைதான் இருக்கு. அதுல ஒரே ஒரு கேபிள்தான் போகும். நான் வாங்கிட்டு வந்ததும் அதுதான்."

தலைவர் அவரைக் கனிவோடு பார்த்தார். சின்னக் குழந்தை சபையில் பாடும்போது பெரியவர்கள் பார்ப்பார்களே, அந்தக் கனிவு.

"அது அந்த டிஸ்க்கோட சொந்தக் கருத்து. நாம அதுக்குக் கட்டுப்பட்டவங்க இல்ல. இங்க பாருங்க, கேபிளை மாட்டினா வேலை நடந்துடும்னு தெரியாத முட்டாளுங்களா நாங்க? நல்லாவே தெரியும். ஆனா வேலை நடந்து முடிஞ்சுட்டா அப்புறம் எதை ஒப்பிடறது?"

கூட்டம் முடிகிற நேரத்தில் ஒரு வகையை மட்டும் முதலில் செருகிப் பார்த்தால் மற்ற நான்குக்கும் பாரபட்சம் ஆகிவிடும் என்று தோன்றியது. ஆகவே ஒப்பீடு முடியும்வரை எந்தக் கேபிளும் டிஸ்க்கைத் தீண்டக் கூடாது என்று தீர்மானித்து, அதை ஒரு மரப்பெட்டியில் வைத்து அரக்கு முத்திரை போட்டார்கள். முத்திரைக்கு மேல் உறுப்பினர்கள் அனைவரும் கையெழுத்துப் போட்டார்கள். தையற்காரரும் போட்டார். பேனாவை நீட்டினால் கை தானாக வாங்கிக்கொள்கிறது.

வீட்டுக்கு வந்ததும் டீச்சர் தோளில் ஒரு குழந்தையைச் சாத்தித் தட்டிக்கொண்டே கேட்டாள்: "என்ன கமிட்டிக்காரரே, படத்தைக் குடுத்தாங்களா?"

"பெட்டியில வச்சிருக்காங்க."

"பெட்டியிலயா? பொணத்தையா வச்சிருக்காங்க?" என்று சிரித்தவள், சட்டென்று தலையைச் சாய்த்தாள். "பின்னாடி ரூம்ல அந்தச் சுருட்டைமுடிக்காரி எழுந்துட்டா. பசி இல்ல, சும்மா ஆளைக் கூப்பிடறா. போய்த் தூக்குங்க." தையற்காரருக்கு ஒன்றும் கேட்கவில்லை. போய்ப் பார்த்தார். சுருட்டைமுடிக்காரி தொட்டிலின் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டிருந்தாள்.

"ஏங்க, இந்த ஒரு காதை வச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறேன்னு நெனைக்காதீங்க. ரெண்டும் சேர்ந்தாதான் எந்தப் பக்கத்துலேர்ந்து வருதுன்னு தெரியும். ஒண்ணு போனா சத்தம் கேக்கும், திசை தெரியாது. டாக்டரே சொன்னாரு. பிள்ளைங்களை வச்சிருக்கறவளுக்குத் திசைதாங்க முக்கியம்."

"தெரியும் டீச்சர். அதுக்குத்தானே அங்க போய் உக்காந்திருக்கேன்."

அடுத்தது வேகச் சோதனை. டிஸ்க் முத்திரைக்குள் இருந்ததால் வேறொரு டிஸ்க்கைக் கொண்டுவந்தார்கள். அதில் தலைவர் ஆண்டு விழாவில் ஆற்றிய பேச்சின் வீடியோ இருந்தது. அதை ஐந்து இணைப்புகளின் வழியாகவும் ஒவ்வொன்றாக நகல் எடுப்பது. நகல் பழுதில்லாமல் வந்திருக்கிறதா என்று ஒவ்வொரு தடவையும் முழுவதுமாகப் போட்டுப் பார்ப்பது. இரண்டாவது பகுதி தலைவரின் யோசனை.

திரையில் தலைவர் பேசினார்: "நோயாளிகள் வராத விடுமுறை நாட்களில் இந்த மருத்துவமனையைச் சுற்றி வந்திருக்கிறேன். என்ன அமைதி, என்ன தூய்மை. அந்த ஒழுங்கை நோயாளிகள் வருகிற நாட்களிலும் கொண்டுவருவதே என் கனவு."

யு.எஸ்.பி. இரண்டில் நகல் ஆவதற்கு வெகுநேரம் பிடித்தது. மூன்றில் சீக்கிரம் முடிந்தது. மற்றவற்றிலும் கிட்டத்தட்ட அதே நேரம்தான். சோதனை டிஸ்க்கும் பழைய சுழல்தட்டு வகை, அதற்கு முடிந்த வேகத்துக்கு மேல் எந்தக் கேபிள் போட்டாலும் ஓடாது என்று ஆலோசகர் மெல்லச் சொல்லிப் பார்த்தார். தலைவர் முகம் மாறுவதைக் கண்டு, அது தன் தனிப்பட்ட கருத்து என்று உடனே திருத்திக்கொண்டார். பேச்சு ஐந்து தடவையும் ஓடியது. மூன்றாம் தடவையில் தையற்காரரின் உதடுகள் தாமாகவே கூடச் சேர்ந்து முணுமுணுத்தன. நான்காம் தடவையில் குறிப்பெழுதும் அம்மாள் கண்ணைத் திறந்தபடியே தூங்கினார். பல வருடப் பயிற்சி.

"தண்டர்போல்ட்ல பாத்தப்போ," என்றார் கொள்முதல் அதிகாரி, "கருத்து கொஞ்சம் ஆழமா இருந்த மாதிரி பட்டுது சார்."

"எனக்கும் பட்டுது" என்றார் தலைவர் அடக்கமாக. "ஆனா நாம விலையையும் பாக்கணும்."

இப்படியே கூட்டங்கள் நடந்தன. ஒன்றில், கேபிள் எவ்வளவு நீளம் இருக்கலாம் என்று விவாதம். தையற்காரர் கழுத்தில் அளவு நாடா தொங்கியதால் அவரையே எல்லாவற்றையும் அளக்கச் சொன்னார்கள். அளந்தார். அவருக்கென்று ஒரு பெயர்ப்பலகைகூடச் செய்து வைத்தார்கள்: 'பயனாளர்'. முதல் நாள் அதைக் கண்டு கூச்சப்பட்டவர், பிறகொரு நாள் அது கோணலாக இருப்பதைப் பார்த்து நேராக்கி வைத்தார். அப்படி நேராக்கியது தன் கைதான் என்று தெரிந்ததும் அதை மறுபடி கோணலாக்கி வைத்தார்.

அதற்குள் டீச்சருக்குத் தலைச்சுற்றல் கூடிவிட்டது. ஒருநாள் குழந்தையைக் கையில் வைத்தபடியே சுவரில் சாய்ந்தாள். அறுவை மருத்துவர் நாள் குறித்தார்.

"இதுக்கு மேல என்னால ரிஸ்க் எடுக்க முடியாது. வளருதுன்னு வச்சுக்கிட்டுத்தான் முடிவு பண்ண முடியும். அன்னைக்குக் காலையில பத்து மணிக்குத்தான் தியேட்டருக்குள்ள கொண்டு போவோம். அதுக்குள்ள பழைய படம் வந்துட்டா, கதவுலேர்ந்தே திருப்பி அனுப்பிடறேன். இது என் வாக்கு."

அன்று காலை குழுவின் கடைசிக் கூட்டம். கூட்ட அறை கீழ்த்தளம், தியேட்டர் இரண்டாம் மாடி. தையற்காரர் மனைவியின் கையை விட்டுவிட்டுப் படியிறங்கி ஓடிவந்து கால்மாட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். மூச்சு வாங்கியது. தலைவர் முடிவை வாசித்தார். எல்லா வகைகளையும் எல்லாக் கோணங்களிலும் ஆராய்ந்ததில் இம்மருத்துவமனைக்கு ஏற்றது ஒரு முனையில் டிஸ்க்கின் சொந்த வாய்க்குப் பொருந்தும் யு.எஸ்.பி. மூன்றும், மறுமுனையில் டைப்-சியும் கொண்ட கேபிளே என்று குழு ஒருமனதாகக் கருதுகிறது.

கொள்முதல் அதிகாரி அலமாரியைத் திறந்து உறையை எடுத்தார். தையற்காரர் வாங்கிய அதே கேபிள். "அட, உங்க கேபிளே ஜெயிச்சுடுச்சு" என்று அவர் உண்மையான சந்தோஷத்தோடு கைகுலுக்கினார். எல்லாரும் கைதட்டினார்கள்.

தையற்காரர் கையை நீட்டினார். "குடுங்க. இப்பவே மாட்டிடலாம்."

"இதையா?" அதிகாரி கேபிளை மார்போடு அணைத்துக்கொண்டார். "இது இனிமே மாதிரிப்பொருள். நாளைக்கு நாங்க வாங்கப்போற கேபிளை இதோட வச்சுத்தான் சரிபாக்கணும். இதைப் பயன்படுத்தினா தேய்மானம் வந்துடும். தேய்ஞ்ச மாதிரியை வச்சு எப்படி வாங்கறது?"

"சரி, எதிர்க்கடையில இன்னொண்ணு வாங்கிட்டு வர்றேன். பெட்டியை மட்டும் திறந்து வைங்க. ஐயா, மேல அவளைப் படுக்க வச்சிருக்காங்க."

"நீங்க ஓட வேண்டியதே இல்ல" என்றார் தலைவர். "ஒப்பீடு முடிஞ்சுது, அதனால டெண்டர் விடத் தடையே இல்ல. உங்க பொறுமைக்கு நன்றின்னு ஒரு தீர்மானமே போட்டிருக்கேன். அம்மா, அதைப் படிங்க."

அம்மாள் படிக்கவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு தையற்காரரைப் பார்த்தார். "சார், இவரு வீட்டுக்காரம்மாவுக்கு இன்னைக்கு ஆபரேஷன்" என்றார். இத்தனை கூட்டங்களில் அவர் பேசிய முதல் வாக்கியம் அது.

"அப்படியா. அப்ப நலம்பெற வாழ்த்தும் ஒரு வரி சேத்துக்கங்க."

தையற்காரர் பெட்டியின்மேல் கைவைத்தார். யாரும் தடுக்கவில்லை. "உடைக்கறதுன்னா உடைங்க," என்றார் தலைவர், கொஞ்சமும் கோபமில்லாமல். "உங்க கையெழுத்தும் அதுமேல இருக்கு. ஆனா உறுப்பினரே முத்திரையை உடைச்சா ஒப்பீடு செல்லாது. டிஸ்க் சாட்சிப் பொருள் ஆயிடும். அப்புறம் அதை யாருமே திறக்க முடியாது." தையற்காரரின் கை அரக்கின்மேல் இருந்தபடியே இருந்தது. உடைத்தாலும் கேபிள் இல்லை. கேபிள் வாங்கப் போனால் டிஸ்க் இல்லை. இதை அவர் இரண்டு தடவை யோசித்தார். இரண்டாம் தடவை யோசித்து முடிப்பதற்குள் மணி பத்தாகிவிட்டது.

அறுவை நல்லபடியாக முடிந்தது. மருத்துவர் திறமைசாலி. முகம் அதிகம் இழுக்கவில்லை; சிரிக்கும்போது மட்டும் உதட்டின் இடப்பக்கம் கூட வராமல் நின்றுவிடும்.

காப்பகத்தில் பாதிக் குழந்தைகளை வேறிடம் மாற்றிவிட்டார்கள். மீதி இருந்தவற்றில் ஒன்று ஒரு நாள் அழுதது. டீச்சர் முன்னறைக்கு ஓடினாள். அங்கே எல்லாம் சமத்தாக விளையாடிக்கொண்டிருந்தன. பின்னறைக்கு ஓடினாள். சுருட்டைமுடிக்காரி தொட்டிலுக்கு வெளியே கிடந்தாள். அடி பலமில்லை. அவளைத் தூக்கி வலது காதுப் பக்கமாகச் சாய்த்துக்கொண்டு டீச்சர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அந்த வாரம்தான் குழுவிடமிருந்து அழைப்பு வந்தது. கேபிள் வந்துவிட்டது, பெட்டி திறப்பு விழா. தையற்காரர் அழைப்பைக் கிழிக்கப் போனார்.

"போயிட்டு வாங்க" என்றாள் டீச்சர்.

"எதுக்கு டீச்சர் இனிமே?"

"போக வேண்டிய காது போச்சா, போக வேண்டாத காது போச்சான்னு எனக்குத் தெரியணும்."

போனார். ரிப்பன் கட்டியிருந்தார்கள். தலைவர் முத்திரையை உடைத்தார். ஆலோசகர் கேபிளைச் செருகினார். முதல் தடவையிலேயே உள்ளே போய்விட்டது. திரையில் கோப்புகள் வரிசையாக வந்து நின்றன. "என்ன வேகம்" என்றார் கொள்முதல் அதிகாரி. ஸ்கேன் அறைப் பையன்கள் எல்லாரும் கைதட்டினார்கள். படத்தைத் திறந்தபோது அதைப் பார்த்தவர் ஒருவர்தான். வெள்ளைப் பொட்டின் குறுக்கே கோடு இழுத்து அளக்கச் சொன்னார் தையற்காரர். ஆலோசகர் இழுத்தார். பதினான்கு மில்லிமீட்டர்.

ஐந்து வருடத்தில் ஒரு நூல்கூட வளரவில்லை.

"பாருங்க, என்ன துல்லியம்" என்றார் தலைவர். "இப்ப விதிப்படி முடிவைப் பயனாளிக்கு எழுத்துல தெரியப்படுத்தணும். அம்மா, எழுதுங்க."

அம்மாள் எழுதவில்லை என்பதால், கடைசி வரி ஏற்கெனவே அச்சான கடிதத் தாளில் ஆலோசகரே தட்டச்சு செய்தார். 'தங்கள் பழைய ஸ்கேன் குழுவின் இடையறாத முயற்சியால் வெற்றிகரமாகத் திறக்கப்பட்டது. தங்கள் கட்டி வளரவில்லை என்பதையும், ஆகவே அறுவை தேவையில்லை என்பதையும் மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம்.'

"ஏதாவது திருத்தம் உண்டா?" என்று தலைவர் கால்மாட்டைப் பார்த்துக் கேட்டார்.

"'மகிழ்ச்சியுடன்' வேணாங்க."

"அது அச்சடிச்ச தாள்லயே இருக்கறது. எடுக்க முடியாது."

அம்மாள் உட்பட மற்ற நால்வரும் கையெழுத்துப் போட்டார்கள். தாள் கடைசியாகக் கால்மாட்டுக்கு வந்தது. எல்லா உறுப்பினரும் கையெழுத்திடாத கடிதம் வெளியே போகாது. போகாவிட்டால் டீச்சர் கேட்டதற்கு இவர் தன் வாயால் பதில் சொல்ல வேண்டும். அவர் சொல்லச் சொல்ல அவள் வலது காதைத் திருப்பிக் கேட்டுக்கொண்டிருப்பாள். தையற்காரர் பேனாவை வாங்கிக் கையெழுத்திட்டார்.

"நானே வீட்டுக்கு எடுத்துட்டுப் போறேன்."

"இல்ல, பதிவுத் தபால்தான். முறைன்னு ஒண்ணு இருக்கே" என்றார் கொள்முதல் அதிகாரி, உறையையும் பசையையும் அவர் பக்கம் தள்ளியபடி. தையற்காரர் தாளை மூன்றாக மடித்து உள்ளே வைத்தார். உறையின்மேல் தன் வீட்டு விலாசத்தைத் தானே எழுதினார். விளிம்பில் பசையைத் தடவி, கட்டைவிரலால் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை அழுத்தி நீவினார். நன்றாக ஒட்டிக்கொண்டதா என்று ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு, தபாலுக்குப் போகிற தட்டில் வைத்தார்.